லட்டுவின் பூச்சி மருந்தும் நிஜாம் அண்ணனும்

நிஜாம் அண்ணன் இறந்துவிட்டார். போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆடு, மாடு, நாய்களுக்கு மருந்து விற்ற நிஜாம் அண்ணன்.

காலையில் ஒருவர் வைத்த ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். வேறு ஏதோ நிஜாமாக இருக்கும் என்று மூன்று பேருக்கு போன் போட்டேன்... அவரேதான். நெஞ்சுவலியாம்.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஏழெட்டு வருடம் இருக்கும். மகள் கீர்த்தனா அப்போது ஆறாம் வகுப்பு. குரங்கணி ரோட்டோரம் கிடந்த ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். வயிறு உருண்டையாக இருந்ததால் லட்டு என்று பெயர் வைத்தாள்.

கொழுகொழுவென்று இருக்கிறதே என்று எங்களுக்குப் பெருமை. கடைக்குத் தூக்கிப் போனபோது நிஜாம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது.

"இது சதை இல்ல தம்பி, வயித்துப் பூச்சி. தாய்கிட்ட இருந்தே குட்டிக்கு வந்துரும். டாக்டர்ட்ட காமிச்சு எழுதி வாங்கிட்டு வாங்க."

எழுதி வாங்கி வந்தோம். பிளாஸ்டிக் கூடையில் குட்டியை உட்கார வைத்து அவரே எடை போட்டார். சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டு, இந்த அளவுதான் என்று காட்டினார்.

"இன்னைக்கே குடுத்துருங்க. பதினஞ்சு நாள் கழிச்சு கொண்டாங்க, மறுக்கா எடை போட்டு இன்னொரு தடவ குடுக்கணும். பாப்பா, அது வெளிய போனா வெரசா அள்ளிரணும். கைய சோப்பு போட்டுக் கழுவு. அந்தப் பூச்சி ஒனக்கும் வரும்."

அது காய் எடுப்பு நேரம். மலையில் எனக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். விடியுமுன் ஜீப் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. மருந்துப் பையை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். நாளைக்கு... நாளைக்கு...

கீர்த்தனா கேட்டபோது, "குடுத்தாச்சுடா" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லட்டு வாந்தி எடுத்தது. நூடுல்ஸ் மாதிரி பூச்சிகள். ரத்தமாகப் போனது. நிற்க முடியவில்லை.

குட்டியையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினோம். அவர் டாக்டருக்கு போன் போட்டார். டாக்டர் வந்து சேருமுன் கடை மேஜை மேலேயே லட்டு அடங்கிவிட்டது.

"மருந்துதான் குடுத்தோமே அங்கிள்... அப்புறம் ஏன்?" கீர்த்தனா தேம்பித் தேம்பி அழுதாள்.

அவர் பைக்குள் கைவிட்டு பாட்டிலை எடுத்தார். சீல் உடையவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பாட்டிலை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"எம்மேலதான் தப்பு ஆத்தா. நான் குடுத்த மருந்து சரியில்ல போல."

நான் லட்டுவைத் தூக்கிக்கொண்டு கடைப் படி இறங்கிவிட்டேன்.

அந்தக் கடையில் மருந்து வாங்காதீர்கள் என்று கீர்த்தனா பள்ளியிலும் தெருவிலும் சொன்னாள். எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் இரண்டு வீட்டார் வேறு கடைக்கு மாறினார்கள். அவர் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்?

பிறகு ஒரு நாள் போடிமெட்டு ஜீப்பில் பக்கத்து சீட்டில் அவர். மடியில் எடை மெஷின். எஸ்டேட் குடியிருப்பு நாய்களுக்குப் பூச்சி மருந்து கொடுக்க, டாக்டருக்கு உதவியாகப் போகிறாராம்.

"செருப்பு இல்லாம திரியுற புள்ளைகளுக்கு மண்ணுல இருந்தே ஏறிரும் தம்பி. நாய்க்குக் குடுத்தாத்தான் புள்ளைகளுக்கும் நல்லது."

அந்த மலைப்பாதை வளைவுகள் முழுக்க, சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். ஏலக்காய் விலையைப் பேசிவிட்டு இறங்கினேன்.

"பாப்பா நல்லா படிக்கிறாளா?" என்றார். அவ்வளவுதான்.

எதற்காக அன்று தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார்? நான் அவருக்கு யார்? மகள் முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்றா? அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாரா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எப்படிப் பழக்கம்ணே?" என்றார். "கடைக்கு வருவேன்" என்றேன். அதுவும் பொய். அந்தக் கடைப் படி ஏறியே வருடக்கணக்காகிறது.

இப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து கீர்த்தனா போன் செய்தாள்.

"அப்பா, அந்த மருந்துக்கடை அங்கிள் இறந்துட்டாராமே? பாவம்ப்பா. எனக்கு அவர் மேல இப்பக் கோவமே இல்ல. அப்பவே மன்னிச்சுட்டேன்."

"சரிடா" என்று வைத்துவிட்டேன்.

கீர்த்தி, நீ இதைப் படிப்பாய். அவர் மருந்தில் ஒரு குறையும் இல்லை. நான்தான் கொடுக்கவில்லை.

நிஜாம் அண்ணே... நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.