கோமதிநாயகம் அண்ணாச்சி பிடித்த குடுமி

கோமதிநாயகம் அண்ணாச்சி இறந்துவிட்டார் என்ற செய்தியைப் புளியங்குடி பஸ் கண்டக்டர்தான் எங்கள் நெசவு நூல்கடை வாசலில் வந்து சொன்னார். "யாரை அடிக்கப் போனாரு?" என்று கேட்டுவிட்டேன். நெஞ்சுவலியாம். மகள் வீட்டில், படுக்கையில். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த மனிதர் படுத்துச் சாவதாவது.

அவரை அறிந்த உங்களிடம் அவர் சாது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ரயிலடியிலிருந்து கடைக்கு நூல் மூட்டை கொண்டுவருவது அவர் வேலை; கணக்கு எழுதுவது என் வேலை. ஒருமுறை பாரவண்டி மேட்டில் நின்றுவிட, வண்டிக்காரர் மாட்டை முகத்திலேயே விளாசினார். அண்ணாச்சி அதே சாட்டையைப் பிடுங்கி அவர் முதுகைக் கிழித்துவிட்டார். பிறகு அவரையே அழைத்துப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்து, "அடிச்சது மாட்டுக்காக, காப்பி உமக்காக" என்றார். என் குடுமியையும் அவர் விட்டுவைத்ததில்லை. "வெள்ளைக்காரனே போயிட்டான், இது இன்னும் போகலியே வே" என்பார்.

ஒரு வருஷம் எங்கள் சங்கரன்கோவில் கடைத்தெருவில் பட்டப்பகலில் ஒரு வியாபாரியை வெட்டிக் கொன்றார்கள். பார்த்தவர்கள் பலர், பார்த்தேன் என்று சொன்னவன் நான் ஒருவன். சாட்சிக் கூண்டில் ஏறினால் தலை இருக்காது என்று வெட்டியவர்கள் எனக்கு ஆள் விட்டு மிரட்டினார்கள். வழக்கு வரும்வரை ஊரில் இருக்க வேண்டாம் என்று அண்ணாச்சி என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். நல்ல சாரல். மலையையும் அருவியையும் பார்த்ததில் எனக்குப் பயமே மறந்துவிட்டது.

சாட்சிக்கு முதல் நாள். அன்று மாலை ஊருக்கு ரயில். கடைசிக் குளியல் என்று இருவரும் பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்ப்பவரிடம் உடம்பைக் கொடுத்திருந்தோம். அப்போதுதான் அவர்கள் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் துண்டுக்குள்ளிருந்து அரிவாளை உருவினான். மற்ற இருவரும் என் கைகளைப் பிடித்தார்கள், வழுக்கின. தோளைப் பிடித்தார்கள், அதுவும் வழுக்கியது. திமிறிய வேகத்தில் பாறையிலிருந்து சறுக்கி, தண்ணீர் சுழித்து விழும் பள்ளத்தை நோக்கிப் போனேன். அண்ணாச்சி பாய்ந்து என் கையைப் பிடித்தார். அவர் கையிலும் எண்ணெய், என் கையிலும் எண்ணெய். நழுவிவிட்டது. சட்டென்று என் குடுமியைப் பற்றி முஷ்டியில் சுற்றிக்கொண்டார். தலைத்தோலே உரிந்து வருவதுபோல் அலறினேன்.

"அலறும் வே. உசுரு இருக்குன்னு தெரியும்லா" என்றார்.

அரிவாள் அவர் இடது கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் போயின. வலது கை என் குடுமியை விடவில்லை. என்னை மேலே இழுத்துப் போட்ட பிறகுதான் திரும்பினார். எண்ணெய்க்காரரின் பித்தளைச் செம்பால் அரிவாள்காரன் முகத்தில் அறைந்தார். பல் தெறித்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அவன் விழுந்த பிறகும் அடித்தார். மூக்கு இருந்த இடம் தெரியாமல் அடித்தார். விலக்கப் போன என் பிடியும் எண்ணெய்க்காரர் பிடியும் அவர் உடம்பில் வழுக்கியது. அவன் உயிரோடு போலீஸ் கைக்குப் போனது எங்கள் அதிர்ஷ்டம். அதை வீரம் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு அருவியை நோக்கி நடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினேன். "எண்ணெய் தேச்சவன் குளிக்காம ஊருக்குப் போவானா?" என்றார். அவர் காலடியில் ஓடிய தண்ணீர் சிவந்திருந்தது.

தென்காசியில் கட்டுப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினோம். வழியில், நான் சாட்சி சொல்லப் போவதில்லை என்றேன். நல்ல கையால் பளாரென்று ஓர் அறை விட்டார். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"பயம் இருந்துட்டுப் போகட்டும். நாக்கை மட்டும் அதுக்குக் குடுத்துராதேயும்."

மறுநாள் கோர்ட்டில் கன்னம் வீங்கிய நிலையில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். கட்டுப் போட்ட கையோடு அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது புளியங்குடியில் மகள் வீட்டில், உடலைக் குளிப்பாட்டுமுன் அவர் தலையில் எண்ணெய் வைக்க என்னையும் அழைத்தார்கள். வைத்தேன். பிறகு அந்த மூன்று விரல் கையைப் பிடித்தேன். எண்ணெயில் நழுவிக் கீழே விழுந்தது. அவருக்கோ கிராப்புத் தலை. பற்றி இழுக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எலிவால்போல் ஆகிவிட்ட குடுமியை எடுத்துவிடச் சொல்கிறான் என் மகன். அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். நான் போகும்போது அதோடுதான் போவேன்.