கலெக்டர் பெயர்

எங்கள் அத்தை பேசும் சொற்களுக்கு அவரைப் பொறுத்தவரை ஒரு பொருள், ஊரைப் பொறுத்தவரை வேறொரு பொருள். கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். உறவினர்கள் கூடியிருக்கும் நேரத்தில், "எந்தக் குடும்பம்னு தெரிஞ்சிடுச்சு!" என்று கூவிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வருவார். அத்தைக்கு ஒருவழியாக வரன் அமைந்துவிட்டது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அத்தையின் கையில் இருக்கும் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சின்னப் பூச்சி நெளிந்துகொண்டிருக்கும்.

மேஃப்ளை என்ற பூச்சியின் லார்வா, அதாவது இறக்கை முளைக்காத இளம் பருவம், அது. ஓடை நீரில், கல்லுக்கு அடியில் வாழ்வது. தமிழில் அதற்கு நாலு பேருக்குத் தெரிந்த பெயர் எதுவும் கிடையாது. அப்பாவுக்கு இறக்கை முளைத்ததெல்லாம் ஈசல்தான். எட்டு வயதிலேயே எனக்கு அதன் அங்க அடையாளங்கள் அத்துப்படி. காலுக்கு ஒரே நகம், வயிற்றின் இரண்டு பக்கமும் இலை இலையாகச் செவுள், பின்னால் மூன்று வால். செவுளின் வடிவத்தை வைத்து எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். அந்தக் குடும்பத்தில் இது யார் என்று சொல்லத்தான் அது இறக்கை முளைத்து வெளியே வர வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் ஒரு குட்டி இடுக்கி இருக்கும். அதைப் பார்க்காமல் எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாது என்பார் அத்தை.

குடகுப் பக்கத்து ஓடை ஒன்றிலிருந்து அவர் கொண்டுவந்த லார்வாக்கள் எந்தப் புத்தகத்திலும் அகப்படவில்லை. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் அவற்றை விட்டு, மீன்தொட்டிக் கடைக் காற்றுக்குழாயைப் போட்டு, மேலே வலை மூடி வளர்த்தார். பெங்களூர் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. நல்லவேளையாகப் பெரிய கண்கள் கொண்ட ஆண். முதுகிலுள்ள இறக்கை உறை கறுத்துவிட்டால் அது பறக்கப்போகிறது என்று அர்த்தம். ஒரு சனிக்கிழமை காலை பார்த்தால், உறை மை பூசியதுபோல் கறுத்திருந்தது.

அத்தை பேசினை விட்டு நகரவில்லை. பல்கூட விளக்கவில்லை. "நீ போய் ரெண்டு இட்லி சாப்டுட்டு வா. நானும் பாப்பாவும் பாத்துக்கறோம்" என்று அப்பாதான் வற்புறுத்திக் கீழே அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்து வெளிக் கேட் தட்டப்பட்டது. மழைக்காலம். ஊரெல்லாம் டெங்கு பயம். வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைச் சோதிக்கும் பெண் ஒருவர் வெள்ளைக் கோட்டுடன் நின்றிருந்தார். "சார், மனேலி லார்வா இதெயா?" வீட்டில் லார்வா இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார்.

வெளியாள் ஒருவர் லார்வாவைப் பற்றி விசாரித்தது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாடிச் சுவரில் எக்கி நின்று, "இருக்கே! என் தங்கச்சிதான் வளக்கறா. மேல வந்து பாருங்க!" என்றார்.

அந்தப் பெண் திகைத்துப்போனார். கன்னடம் போய்த் தமிழ் வந்தது. "வளக்கறாங்களா? எங்க ஜீவனஹள்ளில தெருவுக்கு ஒரு புள்ள ஆஸ்பத்திரில கெடக்குது. நீங்க வளக்கறீங்களா சார்?" என்று கேட்டபடியே வெளிப்படிகளில் தடதடவென்று ஏறி வந்தார். "கொசு இல்லம்மா, ஈசல்" என்று அப்பா சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. நேராகப் போய் வலையைத் தூக்கினார்.

உள்ளே அது எப்போது தோலை உரித்தது என்று தெரியவில்லை. சாம்பல் நிற இறக்கைகளோடு தண்ணீரிலிருந்து எழும்பியது. தள்ளாடிப் பறந்து அவருடைய வெள்ளைக் கோட்டுக் கையில் உட்கார்ந்து, இறக்கைகளைக் கைகூப்பியதுபோல் மேலே சேர்த்து வைத்துக்கொண்டது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. "அத்தை!" என்று கத்த வாயைத் திறந்தேன்.

"ஐயோ, எவ்ளோ பெரிய கொசு!" என்று ஓங்கி ஒரு அடி அடித்தார் அவர்.

 எனக்கு அழுகைகூட வரவில்லை.  படியின் மேல்முனையில், கழுவிய கையின் ஈரம்கூடத் துடைக்காமல் அத்தை நின்றிருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அத்தை வந்து, கழுத்தில் தொங்கிய லென்ஸை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். இறக்கைகள் இருந்தன, கண்கள் இருந்தன. வயிற்று நுனி இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு கறைதான் இருந்தது.

"தப்பு பண்ணிட்டேனா மேடம்? அந்தப் புள்ளைங்க ஞாபகத்துலயே இருந்தேன்..." என்றார் அந்தப் பெண்.

அத்தை சின்ன இடுக்கியால் பூச்சியை எடுத்து ஸ்பிரிட் குப்பியில் போட்டார். ஒரு துண்டுச் சீட்டையும் பென்சிலையும் எடுத்தார். "உங்க பேர் என்னம்மா?"

"எதுக்கு மேடம்?"

"கலெக்டர் பேர் போடணும்."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. "கலெக்டர் வரைக்கும் போகாதீங்க மேடம், கான்ட்ராக்ட் வேலை, தூக்கிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே அத்தையின் காலைத் தொடக் குனிந்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது. கலெக்டர் காரில் வந்து இறங்கி இவரைப் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன்.

இப்போது பதறியது அத்தை. அவரைத் தூக்கி நிறுத்தி, "ஐயய்யோ, அந்தக் கலெக்டர் இல்லம்மா! பூச்சியப் பிடிச்சவங்களதான் நாங்க கலெக்டர்னு எழுதுவோம். குப்பி இருக்கற வரைக்கும் உங்க பேர் அதுல இருக்கும்" என்றார்.

"அடிச்சதுக்கா மேடம்?"

"அடிச்சாலும் பிடிச்சதுதான். நீங்க இல்லன்னா பறந்து போயிருக்கும். பாருங்க, முழுசா இருக்கு."

முழுசாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வி. மஞ்சுளா. இனிஷியல் விட்றாதீங்க மேடம்" என்றார் அந்தப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதன்பிறகு எங்கள் வீட்டுக்குச் சோதனைக்கு வரும்போதெல்லாம், தண்ணீர்த் தொட்டியைத் திறப்பதற்கு முன்பே, "என் பூச்சி நல்லா இருக்கா மேடம்?" என்று விசாரிப்பார். "பத்திரமா இருக்கு" என்பார் அத்தை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கண் கொட்டாமல் காவல் காத்தவள் நான், கலெக்டர் ஆனவர் அதை அடித்துக் கொன்றவர். அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே அத்தை காலிப் பேசினைக் கழுவிக்கொண்டிருந்தபோது, போய் எதிரே நின்றேன்.

"முழுசா இருக்குன்னு அவங்ககிட்ட சொன்னீங்க இல்ல? அப்ப அந்த இடுக்கியப் பாத்து அது பேர் என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

அத்தை பேசினைக் கவிழ்த்து வைத்தார். பொய் சொல்லி என்னிடம் வசமாக மாட்டிக்கொண்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.