அழகம்மா எடுத்த படம்

மாத்தளையிலிருந்து இந்தியாவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். மதுரை, பழனி, ராமேஸ்வரம் என்று எல்லோருக்கும் ஒரே தடம்தான். விஜேந்திரன் மட்டும் வேறு மாதிரி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பி கடை வைத்திருப்பவர். வருஷத்துக்கு ஒருமுறை முப்பத்தெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, யாரும் போகாத ஊர்களாகப் பார்த்துப் போவார். சித்தன்னவாசல், திருமயம், முட்டம், கொல்லிமலை. "சனம் இல்லாத எடத்துலதாங்க நிம்மதி" என்பார். உண்மைதான். பார்மசியில் வருஷம் முழுக்க அடுத்தவர் வருத்தங்களைக் கேட்டுக் காது புளித்துப்போன நானும் நாலு தடவை அந்த நிம்மதியை அனுபவித்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆனால் சனம் இல்லாத இடத்தில் சாப்பாட்டுக் கடையும் இருக்காது. இருந்தாலும் எங்கள் ஆட்கள் வாயில் வைக்கமாட்டார்கள். சாம்பார் இனிக்கிறது, அரிசி வாசம் வேறு, தேங்காய்ச் சம்பல் இல்லை. இரண்டாம் நாளே முகத்தைத் தொங்கப் போட்டுவிடுவார்கள். கடல் கடந்து புது ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு நாக்கு மட்டும் மாத்தளையிலேயே இருக்க வேண்டும். அதற்காகத்தான் அழகம்மாக்கா.

எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிறவர். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் அன்னதானச் சமையல் அவர் பொறுப்பு. அங்கே ஒருநாள் அவர் கைச்சோற்றைச் சாப்பிட்ட விஜேந்திரன் அதன்பிறகு அவரை விடவில்லை. டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாம் இலவசம், சமைத்தால் மட்டும் போதும் என்று பேச்சு. "அழகம்மாவுக்கு என்னா, வருசா வருசம் இந்தியா போறா" என்று லயத்தில் பொறாமைப்பட்டார்கள்.

விடிய நாலு மணிக்கு அக்கா அடுப்புப் பற்றவைப்பார். காலைச் சாப்பாடு ஒரு பக்கம், பகலுக்கு லஞ்ச் ஷீட்டில் கட்டும் சோத்துப் பார்சல் இன்னொரு பக்கம். நாங்கள் மலை உச்சியிலோ கோட்டை வாசலிலோ பார்சலைப் பிரிக்கும் நேரம், அவர் பஸ்ஸுக்குப் பின்னால் குந்தியிருந்து சட்டி கழுவுவார். பின்னேரம் புது ஊரில் புது அடுப்பு. முதல் டூர் மட்டும் மதுரை, பழனி என்று போயிருக்கிறது. அங்கே இலங்கை ஆட்களுக்கென்றே சமைக்கும் ஹோட்டல்கள் இருந்ததால் அக்காவுக்கு இரண்டொரு வேளை ஓய்வு கிடைத்து, மீனாட்சியைக் கும்பிட்டிருக்கிறார். பிறகு விஜேந்திரனுக்கு அமைதியான இடங்களில் ஆசை வந்தது. அக்கா அடுப்படியில் மாட்டிக்கொண்டார். சித்தன்னவாசல் எப்படி என்று அவரிடம் கேட்டால் தண்ணீர்க் கஷ்டம் என்பார். கொல்லிமலையில் காற்றுக்கு அடுப்பு அணைந்து அணைந்து போனதாம். திருமயத்தில் சீனிக்குள் எறும்பு.

இதையெல்லாம் நான் கேட்டதே இந்த வருஷம்தான். அதற்கு முன் மூன்று டூர்களிலும், "அக்கா, சம்பல் இன்னும் கொஞ்சம்" என்பதற்கு மேல் அவரிடம் நான் பேசியதில்லை. இத்தனைக்கும் புருஷனுக்கு இன்சுலின் வாங்க மாதாமாதம் என் பார்மசிக்கு வருகிறவர். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷம் தை மாசக் கடைசியில் தரங்கம்பாடிக்குப் போனோம். கடலை ஒட்டி ஒரு பழைய கோட்டை, ஆளரவம் இல்லாத அகலமான தெரு, மஞ்சள் பூசிய பெரிய பெரிய வீடுகள். நாங்கள் தங்கிய விடுதியின் பின்பக்கச் சமையல்கட்டில் அலைச் சத்தம் நன்றாகக் கேட்டது. பொழுதுபடும் நேரம் தொண்டைக்கு வெந்நீர் கேட்டுப் போனேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"மிஸ், அது கடல் சத்தம்தானே?"

"ஆமாக்கா. தெருவத் தாண்டினா கடல்தான். பாக்கலயா?"

"எங்க மிஸ். நான் கடல்ல கால் வச்சதே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீவில் பிறந்த மனுஷி, மாத்தளையிலிருந்து திருகோணமலைக்கு நேர் பஸ் ஓடுகிறது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனார். கல்யாணமான புதிதில் திருக்கோணேஸ்வரம் கூட்டிப்போகிறேன் என்று புருஷன் செல்லச்சாமி சொல்லியிருந்தாராம். அப்போது யுத்தம். யுத்தம் முடிந்த கையோடு மகளின் படிப்பு. பிறகு அவருக்குச் சீனி வருத்தம் முற்றி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது அவரைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் நகர முடியாது. கொழும்பில் கார்மெண்டில் வேலை செய்யும் மகள் கிருஷாந்தினி லீவு போட்டு வந்து நிற்கும் இந்தப் பன்னிரண்டு நாள்தான் வருஷத்திலேயே அவருக்கு விடுதலை.

"முட்டத்துக்குப் போனோமேக்கா, அங்க கடல்தானே?"

"போனோம். நீங்க எல்லாம் வெளிச்சவீடு பாக்கப் போனீங்க. நான் ரொட்டி சுட்டேன். வீட்டுக்குப் போனதும் இவரு கேட்டாரு, கடல்ல நின்னியா புள்ளன்னு. அந்த மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல வாய் வரல மிஸ். நின்னேன்னுட்டேன். அலை வந்து காலுக்கடியில மண்ண இழுத்துச்சுன்னேன். எல்லாம் நீங்க பஸ்ல பேசிக்கிட்டு வந்ததுதான்." அக்கா அடுத்த தேங்காய்ப் பாதியை எடுத்தார். "மூணு வருசமா அதையே கேக்குறாரு. நானும் அதையே சொல்றேன். ஒருக்கா நின்னுட்டா அந்தப் பொய் தீந்துரும்."

"விஜேந்திரன்கிட்ட கேக்கலாமே?"

"கேட்டேன். அக்கா இல்லாட்டி டூரே இல்ல, அடுத்த எடத்துல பாப்போம்னாரு. ஒவ்வொரு தடவையும் அதான் சொல்றாரு."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. புகழ்ந்து புகழ்ந்தே ஒருவரைக் கட்டிப்போட இந்த மனுஷனிடம்தான் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். காலையில் பார்சலுக்குப் பருப்பு கொதிக்கும் அரை மணித்தியாலம் மட்டும் கைக்கு வேலை இல்லை என்று அக்கா சொன்னார். "அந்த நேரம் நான் அடுப்பப் பாத்துக்கிறேன். நீங்க போய் நின்னுட்டு வாங்க" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

விடிய ஐந்தரைக்கு சமையல்கட்டுக்குப் போனேன். அக்கா தலை வாரி, பச்சைச் சேலை மாற்றியிருந்தார். செருப்பை வாசலைப் பார்த்து வைத்திருந்தார். சோறு வெந்துகொண்டிருந்தது. பருப்பு இன்னும் ஏற்றவில்லை.

"அப்ப சூரியன் வர்றத ஒரு படம் எடுத்துட்டு பத்து நிமிசத்துல வந்துர்றேன்கா."

"போயிட்டு வாங்க மிஸ்."

போனேன். கடல் கறுப்பிலிருந்து சாம்பல் நிறமாகி, பிறகு ஓரத்தில் சிவந்தது. மனித நடமாட்டமே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். விஜேந்திரனும் அங்கே வந்திருந்தார். "மிஸ், அப்பிடியே நில்லுங்க" என்று என் போனை வாங்கிப் படம் எடுத்தார். கோட்டைப் பக்கம் நடந்தோம். கடற்கரைக் கடையில் பிளேன்டீ கேட்டு, அவர்கள் பால் டீ தர, அதற்கொரு சிரிப்பு. காரணம் தேடி நான் இங்கே சுற்றி வளைக்கப்போவதில்லை. மறந்துபோனேன். அவ்வளவுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதனால் மறந்துபோனேன்.

ஞாபகம் வந்து ஓடியபோது ஏழு பத்து. அக்கா பச்சைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் கட்டி அடுக்கியாகிவிட்டது. செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"வந்துட்டீங்களா மிஸ். டீ இருக்கு, ஊத்திக்குங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இப்பவாச்சும் போங்கக்கா, மிச்சத்த நான் கட்டுறேன்" என்று லஞ்ச் ஷீட்டைப் பிடுங்கினேன். நான் கட்டிய முதல் பார்சலே வாய் பிளந்து பருப்பு வழிந்தது. அக்கா அதை வாங்கி மறுபடி கட்டினார். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. "அக்கா, எட்டு மணிக்கு எடுக்கணும், சட்டி ஏத்தியாச்சா?" என்று விஜேந்திரன் கத்தினார்.

என் காலிலிருந்து ஈர மண் சமையல்கட்டு முழுக்கக் கொட்டியிருந்தது. அக்கா விளக்குமாறு எடுத்து அதைக் கூட்டினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்க மிஸ், அடுத்த எடத்துல பாப்போம்" என்றார். அடுத்த இடம் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே கிட்டத்தில் கடல் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

ஊர் வந்து மூன்று வாரம் ஆகியும் அக்கா பார்மசிக்கு வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் இன்சுலினை ஐஸ் பையில் வைத்து எடுத்துக்கொண்டு எல்கடுவ பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடுவது, ஒரு வேன் பிடித்து நானே அக்காவைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போவது என்று மனதுக்குள் ஏற்பாடெல்லாம் செய்து வைத்திருந்தேன். விஜேந்திரன் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தந்த என் கடற்கரைப் படமும் பையில் கிடந்தது.

லயத்துக்கு ரோட்டிலிருந்து அறுபது படி ஏற வேண்டும். செல்லச்சாமி அண்ணன் ஏன் கீழே இறங்குவதில்லை என்று அந்தப் படிகளில் மூச்சு வாங்கும்போது புரிந்தது. வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த, சிரித்த முகம். காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் எழும்பியிருப்பதாகச் சொன்னார். அதனால்தான் அக்காவால் டவுனுக்கு வர முடியவில்லை, பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் மருந்து வாங்கி வந்து தந்தாராம். அக்கா உள்ளே அடுப்படியில் நின்று, "வாங்க மிஸ்" என்றார். முகம் கொஞ்சம் மாறியது போல இருந்தது.

"இந்தத் தடவ இவ என்னா கொண்டாந்தா தெரியுமா மிஸ்?" என்று அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தைலப் போத்தலை எடுத்தார். உள்ளே ஒரு விரல் உயரத்துக்கு மண். "கடல் மண்ணு. காலுல ஒட்டிக்கிட்டு வந்துச்சாம். மூடியத் தொறந்தா இன்னமும் உப்பு வாசம்."

அது யார் காலில் ஒட்டி வந்த மண் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லும் துணிச்சல் அந்தப் போத்தலைப் பார்த்ததுமே போய்விட்டது. திருகோணமலையையாவது விடக்கூடாது என்று, "அண்ணே, ஒரு நாளைக்கு வேன் புடிச்சு அக்காவ திருகோணமலைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? கிருஷாந்தினி வந்து நிக்கட்டும்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "புள்ளைக்கு இனி அடுத்த வருசந்தான் மிஸ் லீவு. அதோட இவளுக்கு இனி கடல் எதுக்கு? அலுக்க அலுக்க நின்னுட்டு வந்துட்டாளே. இன்னொருத்தருக்குக் குடுங்க அந்த சீட்ட."

உள்ளே அகப்பைச் சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

இன்சுலினை எடுக்கப் போனபோது படம் வெளியே நழுவிவிட்டது. அண்ணன் குனிந்து பொறுக்கினார். முழங்கால் அளவுத் தண்ணீரில் நான், பின்னால் சிவந்த கடல். படத்தின் நாலு மூலையிலும் தேடினார்.

"ரெண்டு பேரும் சேந்துதான் நின்னோம்னு சொன்னா. இவ எங்க மிஸ்?"

அகப்பைச் சத்தம் மறுபடி நின்றது. இந்தத் தடவை தொடங்கவில்லை. வாசல்படியில் சேலை நிழல் விழுந்து அப்படியே நின்றது. அந்த ஒரு நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த மனுஷனின் சட்டைப் பையில் இருப்பதெல்லாம் வெறும் மண்ணாகிவிடும். சொல்லாவிட்டால் அக்காவுக்கு அந்தக் கடல் இனி இல்லை.

"படத்த எடுத்ததே அக்காதான் அண்ணே" என்றேன்.

"அப்பிடிச் சொல்லுங்க!" அவர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "அப்ப இவ கண்ணுக்கு இப்பிடித்தான் தெரிஞ்சிருக்கு. இவ்வளவு பெருசா." பிறகு உள்ளே திரும்பி, "புள்ள, இந்தா, நீ எடுத்தத நீயே பாரு" என்று நீட்டினார்.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். அண்ணன் பார்த்ததைவிட அதிக நேரம் எடுத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் என் காலில் மோதும் இடத்தில் பெருவிரலை வைத்து, மெதுவாக ஒருமுறை தடவினார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கேன்" என்றார்.