மேட்டு வீதியில் சொல்லாத செய்தி

கணபதி என்னும் பகுதியில் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுவது கண்ணையாவின் வேலை. சைக்கிளில் நீளமான இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு வீதி வீதியாகப் போவார். குழிமூடியைத் தூக்கி, சாவியை இறக்கி, வால்வைத் திருப்புவார். எந்தச் சந்துக்கு எத்தனை நிமிடத்தில் தண்ணீர் ஏறும் என்பது பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அவருக்கு அத்துப்படி.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் மழை அடியோடு பொய்த்தது. சித்திரை பிறந்தபோது மேல்நிலைத் தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. எட்டு நாளைக்கு ஒருமுறை விட்ட தண்ணீரும் பல வீடுகளில் இரண்டு குடத்தோடு நின்றுபோனது. கீழ் வீதிக் குழாயடியில் நடந்த சண்டையில் ஒரு பெண்ணுக்கு மண்டை உடைந்தது. அன்று மதியம் கண்ணையா குடிநீர்ப் பிரிவு இன்ஜினியரைப் பார்க்கப் போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தானாகத்தான் போனார்.

"சார், மேட்டு வீதிக்குத் தண்ணி ஏறவே ரெண்டு மணி நேரம் ஆகுதுங்க. அங்க மொத்தமே முப்பத்தெட்டு ஊடு. அந்த ரெண்டு மணி நேரத்தைக் கீழ விட்டா, நானூறு ஊட்டுக்கு நாலு நாலு கொடம் சேத்திக் கெடைக்குமுங்க."

இன்ஜினியர் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "சரியாத்தான் சொல்றீங்க. மேட்டு வீதிக்கு லாரி அனுப்பிக்கலாம். ஒரு மாசத்துக்கு அந்த லைனை அடைச்சிருங்க. ஆனா அடைச்சது அவங்களுக்குத் தெரிய வேண்டாம். ரோட்டுல வந்து உக்காந்துருவாங்க. கேட்டா, நாளைக்கு வரும்னு சொல்லுங்க."

கண்ணையாவுக்கு அதுவும் நியாயமாகவே பட்டது. மறியல் என்றால் போலீஸ் வரும், நாலு பேர் அடிபடுவார்கள். ஒரு சின்னப் பொய்யில் அது தவிருமானால் என்ன கெட்டுவிடும்?

மேட்டு வீதி முனையில் அப்துல் மஜீத் கிரைண்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். கண்ணையாவுக்கும் அவருக்கும் நல்ல சிநேகம். மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய மகள் சஃபியா, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். சைக்கிளைக் கண்டாலே வாசலுக்கு வந்துவிடுவாள்.

"ஏனுங்க மாமா, தண்ணி எப்பங்க வரும்?"

"நாளைக்கு வந்துரும் அம்மணி."

இதையே நாலைந்து தடவை சொன்னார். லாரி மூன்று நாள் வந்தது, அப்புறம் வரவில்லை. வீதிக்காரர்கள் பின்னாலிருந்த பழைய பாறைக்குழியில் இறங்கி மொண்டு வந்தார்கள். நாளைக்குக் குழாயில் வந்துவிடுமே என்று யாரும் வேறு வழி தேடவில்லை. இரண்டாம் வாரம் அந்த வீதியில் வாந்தி பேதி கண்டது. பதினோரு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். சஃபியா வரவில்லை. வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை.

செய்தி வந்தபோது கண்ணையா கீழ் வீதியில் வால்வுக் குழியருகே குனிந்திருந்தார். நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிய ஒரு கிழவி அப்போதுதான், "மகராசனா இருப்பீங்க சாமி" என்று வாழ்த்திவிட்டுப் போயிருந்தாள்.

மூன்றாம் நாள் மஜீத் வீட்டுக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாய், லைனை அடைச்சது நானுங்க. அடைக்கலாம்னு சொன்னதும் நாந்தானுங்க."

மஜீத் எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றார்.

"கீழ நானூறு ஊடு இருக்குதுன்னு எனக்கும் தெரியுமுங்கண்ணா. அடைச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஒரு மாசம் வராதுன்னு எங்கிட்டச் சொல்லீருந்தா, அன்னிக்கே புள்ளைய மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிச்சுப்போட்டிருப்பேனுங்க. அவ மாமியா ஊட்டுல கெணறு இருக்குது. நீங்க நாளைக்குன்னு சொன்னீங்க. நாங்க நம்பிப்போட்டோம்."

இன்ஜினியர் லாரி கொண்டு வராத காண்டிராக்டரைத் திட்டினார். "கீழ தண்ணி நின்னு, அவங்களும் கண்டதைக் குடிச்சிருந்தா எத்தனை சாவு விழுந்திருக்கும்? நீங்க ஏன் மனசைப் போட்டு ஒழப்பிக்கறீங்க?" என்று கண்ணையாவைத் தேற்றினார். கண்ணையா அதையும் யோசித்துப் பார்த்தார். நானூறு, முப்பத்தெட்டு. எத்தனை தடவை போட்டாலும் அது சரியாகத்தான் வந்தது. அதுதான் அவரைத் தின்றது. தப்பாக இருந்திருந்தால் தப்பு என்று சொல்லி அழுதிருக்கலாம்.

அடுத்த கோடையிலும் தட்டுப்பாடு வந்தது. அதே வால்வை அடைக்கச் சொன்னார்கள். அடைத்தார். அடைத்த கையோடு மேட்டு வீதிக்கு ஏறி, முப்பத்தெட்டு வீட்டுக் கதவையும் தட்டினார். "ஒரு மாசத்துக்குத் தண்ணி வராதுங்க. பாறைக்குழித் தண்ணியக் குடிக்காதீங்க. புள்ளைத்தாச்சிக இருந்தா ஊருக்கு அனுப்பிச்சுருங்க." சிலர் ஏசினார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். மறுநாள் எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. ஆட்டோ ஓட்டும் பீர் முகம்மதுவுக்குத் தடியடியில் கை முறிந்தது. அந்த வருடம் மேட்டு வீதியில் யாரும் சாகவில்லை. ஆனால் பீர் முகம்மது மறுபடி ஆட்டோ ஓட்டவுமில்லை.

கண்ணையாவைச் சூலூர்ப் பக்கம் ஒரு பம்ப் ரூமுக்கு மாற்றினார்கள். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும்தான் அங்கே வேலை. யாருக்குத் தண்ணீர் போகிறது என்று அவர் பார்க்க வேண்டியதில்லை.

மஜீத் பட்டறையைக் காலி செய்துகொண்டு மேட்டுப்பாளையம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தார். மஜீத் அவரைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கிரைண்டர் கல்லைக் கொத்திக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் கழித்துக் கண்ணையா எழுந்தார்.

"வாரேனுங்க பாய்."

மஜீத் நிமிராமல் தலையை மட்டும் அசைத்தார். அதற்குப் பிறகு கண்ணையா அந்த ஊருக்குப் போகவேயில்லை.