எழுபத்திரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம்

மலையாண்டி அண்ணனைப் போல நிதானமாக பஸ் ஓட்டியவர் மதுரையில் வேறு யாராவது இருந்திருக்கலாம், நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அந்த மனிதரைப் போய்ச் சோம்பேறி என்று காகிதத்தில் எழுதினார்கள். 1978-ல் நான் அவருடைய கண்டக்டர். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களுடையது தனியார் வண்டி. விடிகாலை ஐந்து மணிக்கு மதுரையில் கிளம்பி, செக்கானூரணி தாண்டி முப்பத்தாறு கிலோமீட்டர் போய், போன கையோடு திரும்ப வேண்டும். போகும்போது வண்டி காலி. மணிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். திரும்பும்போது வழிநெடுகக் காய்கறிக் கூடையோடு பெண்கள் நிற்பார்கள். நின்று நின்று, கூடைகளை மேலே ஏற்றி வந்தால் மணிக்கு இருபத்துநாலுதான்.

புது மேனேஜர் இந்த இரண்டு வேகத்தையும் அண்ணனிடமே கேட்டுக்கொண்டார். நாற்காலியை விட்டு எழாமல், கூட்டி இரண்டால் வகுத்தார். சராசரி முப்பத்தாறாம். ஆக, போக வர எழுபத்திரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம், ஏழு மணிக்கு வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். நாங்கள் ஏழேகாலுக்குத்தான் வந்தோம். தினமும் மெமோ. நாலாவது மெமோவில்தான் ‘சோம்பேறி’ என்று இருந்தது. அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

“தினமும் கால் மணி நேரம் எங்க போகுது மலையாண்டி?”

“எங்கயும் போகல சார். போறதுக்கு முக்கா மணி, வாரதுக்கு ஒன்றரை மணி. மொத்தம் ரெண்டேகால். மெதுவா வாரப்ப ரோட்டுல கெடக்குற நேரம் ரெட்டிப்பு. ரெண்டு வேகத்தையும் சரிபாதியாச் சேத்தா எப்படி ஒக்கும்? மொத்தத் தூரத்த மொத்த நேரத்தால வகுங்க. முப்பத்திரெண்டுதான் வரும்.”

“நான் பி.எஸ்சி. படிச்சவன். நீ எட்டாவது.”

“ஒரு நா எங்ககூட வண்டில வாங்க சார். ஒங்க வாட்ச்சுலயே பாத்துக்கங்க.”

மேனேஜர் வரவில்லை. தப்பை ஒத்துக்கொண்டால் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்களா என்ன? மறுநாள் அண்ணனை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, அவனியாபுரம் ஷெட்டில் பஸ் கழுவும் வேலைக்கு அனுப்பினார்.

பேயாண்டி என்ற புது டிரைவர் வந்தான். முதல் நாளே ஆறு ஐம்பத்தெட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். மேனேஜர் ஸ்டாண்டுக்கே வந்து, எல்லார் முன்னாலும் வாட்ச்சைத் தட்டிக் காட்டினார். “என் கணக்கு தப்புன்னு சொன்னானே, இப்ப என்ன சொல்றான்?”

நான் குனிந்து டிக்கெட் பணத்தை எண்ணினேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. கூடைக்காரிகள் நின்ற ஐந்து இடத்தில் அன்று வண்டி நிற்கவே இல்லை. தினமும் எங்கள் வண்டியில் வரும் சோலையம்மாள், கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் பிடித்தபடி, “அண்ணே, நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே” என்று கூடவே ஓடிவந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, போகலாம் என்று இரட்டை விசில் கொடுத்தவன் நான்.