பதினாறு கோரும் பகல் கொழுந்தும்

பகல் பன்னிரண்டுக்கு மட்டும் படுத்துக்கொள்ளும் சேர்வரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காலையில் ஓடும், இரண்டு மணிக்கும் ஓடும். பன்னிரண்டு அடித்தால் போச்சு, ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்திலிருந்தும் போன் வரும்.

ஹட்டனில் நிசார் நானாவின் கம்பனியில் பல வருடங்களாக சிஸ்டம் வேலை பார்க்கிறேன். கீழே அவருடைய கம்பியூட்டர் கடை, மேல்மாடியில் நாங்கள் ஐந்து பேர். மஸ்கெலியாவிலிருந்து திம்புள்ள வரை தோட்டங்கள் வைத்திருக்கும் ஒரு நிர்வாகத்துக்கு, கொழுந்து எடையைப் பதியும் வெப் எப் செய்து கொடுத்திருந்தோம். கணக்கப்பிள்ளை டெப்பில் கொழுந்து பறித்தவரின் பேரை அழுத்தி எடையைப் போடுவார். துண்டு நம்பர் ஒன்று திரையில் வரும், பறித்தவரின் போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும். நம்பர் வந்தால்தான் அடுத்தவரை நிறுக்கலாம். காலைக் கொழுந்தை ஒவ்வொரு தோட்டமும் தன் வசதிப்படி நிறுக்கும். பகல் கொழுந்துக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே நேரம்.

பழைய மெஷினின் ப்ரொசெசரில் நாலு கோர்தான். "கோர் பத்தாது நானா" என்று அடித்துச் சொன்னேன். எதையும் அளந்து பார்க்கவில்லை. அனுபவம் இருக்கிறது என்ற திமிர். நானாவும் மறுபேச்சில்லாமல் பதினாறு கோர் சேர்வர் ஒன்றை இறக்கினார். நானும் சேர்வருக்குள் டெப்களுக்குப் பதில் சொல்லும் வேர்க்கர்களின் எண்ணிக்கையை நாலு மடங்காக்கினேன்.

மறுநாள் பன்னிரண்டுக்கு முன்பைவிட மோசம். மொனிட்டரில் பார்த்தால் பதினாறு கோரும் சும்மா இருக்கின்றன. நானா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினாறு பேர வேலைக்கு எடுத்திருக்கோம் தங்கச்சி. ஒருத்தனும் கைய அசைக்கிறான் இல்லையே."

டிஸ்க்கைப் பார்த்தேன், மெமரியைப் பார்த்தேன், நெட்வர்க் கார்டின் செட்டிங்கைக்கூட மாற்றினேன். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் மலையில் சிக்னல் சரியில்லை என்று முடிவு கட்டினேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அதை நிரூபிக்கத்தான் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மஸ்கெலியா பஸ் ஏறினேன்.

பன்னிரண்டுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றேன். டெப்பில் சிக்னல் முழுதாக இருந்தது. கணக்கப்பிள்ளை முதல் பேரை அழுத்தினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாற்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். மூன்றாவதாக நின்றவள் நெஞ்சை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். மழையே இல்லை, ஆனால் அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. நானும் பிள்ளை பெற்றவள். எதனால் நனைந்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

அவள் பேர் செல்வி. ஐந்து மாதக் குழந்தை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருந்தது. அதற்குப் பால் கொடுக்கப் போகும் நேரம்தான் இது.

"முந்தி கொழுந்த நிறுத்த கையோட ஓடிருவேன் மிஸ். இப்ப நம்பர் வந்து நான் போறதுக்குள்ள புள்ள அழுது அழுது தூங்கிப்போவுது. எழுப்பிக் குடுத்தாலும் குடிக்க மாட்டேங்குது. ஒன்ற மணிக்குத் திரும்ப மலையில நிக்கணும்."

பால்கொடுப்பவர்களின் கொழுந்தைத்தான் முதலில் நிறுப்பதாகக் கணக்கப்பிள்ளை சொன்னார். முதல் பேருக்கே பத்து நிமிடம் சுற்றி, அறுந்து, மறுபடி போடச் சொல்கிறதாம். அங்கேயே ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் லெப்டொப்பைத் திறந்தேன்.

கோர்கள் என்ன செய்கின்றன என்பதை விட்டுவிட்டு, வேர்க்கர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று டேட்டாபேசைக் கேட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது. எல்லோரும் துண்டு நம்பர் இருக்கும் ஒரே பதிவுக்காக நிற்கிறார்கள். அதைப் பூட்டி வைத்திருந்த ஒருவன், எஸ்.எம்.எஸ். போய்விட்டதா என்ற பதிலுக்காக நிற்கிறான். அந்தப் பதில் வர இரண்டு மூன்று செக்கன். அதுவரை எந்தத் தோட்டத்திலும் யாருக்கும் நம்பர் இல்லை. பொறுமையிழந்த டெப்கள் மறுபடி மறுபடி கேட்க, வரிசை இன்னும் நீண்டது. நூறு கோர் இருந்தாலும் நூறும் நின்றிருக்கும்.

அந்தப் பூட்டைப் போட்டது நான்தான். இந்தத் தோட்டம் ஒன்று மட்டும் இருந்த காலத்தில் இங்குள்ள பெரிய கிளாக்கர், நம்பர் நடுவில் விட்டுப் போகக்கூடாது என்று கேட்டிருந்தார். ஒரு நம்பர் உறுதியாகும்வரை அடுத்தது வெளியே போகாதபடி, எஸ்.எம்.எஸ். போன பிறகுதான் பூட்டைத் திறப்பது என்று எழுதி, என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு மற்றத் தோட்டங்களையும் அதே வரிசையில் கொண்டுவந்து கோர்த்தேன்.

நேரே தோட்ட ஒபிசுக்குப் போய், தோட்டத்துக்குத் தோட்டம் தனி நம்பர் வரிசை வைத்தால் சம்மதமா என்று அந்தக் கிளாக்கரிடமே கேட்டேன்.

"அதத்தாங்க நானும் கேக்க இருந்தேன். மத்த தோட்டத்து நம்பரெல்லாம் நடுவுல பூந்து, எங்க புத்தகத்துல எம்புட்டு நம்பர் விட்டுப்போயிருக்கு பாருங்க."

யாருக்காகப் பூட்டினேனோ, அவருக்கே அது உதவவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

அந்தப் பின்னேரமே எஸ்.எம்.எஸ்ஸைப் பூட்டுக்கு வெளியே தனி வரிசையில் போட்டேன், நம்பரைத் தோட்டவாரியாகப் பிரித்தேன். ஹட்டனுக்குத் திரும்பியதும் நானாவிடம் மறைக்காமல் சொன்னேன்: புதிய சேர்வர் தேவையே இல்லை, பிழை என்னுடையது. அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. இனி ஒன்றை வாங்கச் சொல்லுமுன் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

இப்போது என்னிடம் யாராவது "சேர்வர் ஸ்லோ" என்று வந்தால், எங்கே யார் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். மெஷினுக்குள்ளும் கேட்கிறேன், வெளியிலும் கேட்கிறேன்.

பூட்டைத் திருத்திய மறுநாள் பன்னிரண்டே காலுக்குக் கணக்கப்பிள்ளைக்குப் போன் எடுத்து, செல்வியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அவங்க எப்பவோ போயிட்டாங்களே மிஸ். எல்லாருமே போயாச்சி. மடுவத்துல நானும் தராசுந்தான் இருக்கோம்."