பேர் இல்லாத டப்பாவும் நானும்

கேமிங் கம்ப்யூட்டர் சேர்த்துக் குடுக்கிற தொழில்ல பொருளைப் பொருத்துறது சுளுவு, வாங்க வர்றவங்க தலையில ஏற்கெனவே பொருந்தியிருக்கிறதைக் கழட்டுறதுதான் கஷ்டம்.

என் பேரு ரேவதி. ஊரு நகரி. தெனம் காலையில பஸ் புடிச்சி திருப்பதிக்கு வந்து ஒரு கம்ப்யூட்டர் கடையில அசெம்பிளி டேபிள்ல உக்கார்றேன். அந்தக் கடையில அந்த டேபிளுக்கு வந்த மொத பொம்பளை நான்தான். அதுக்கு ஓனர் அண்ணா ஒரு கண்டிஷன் போட்டாரு: "உன் தப்பால ஒரு கம்ப்யூட்டர் பொட்டி திரும்பி வந்தாலும் சரி, நீ கவுண்டர்ல நின்னு மவுஸ் வித்துக்கினு இருக்க வேண்டியதுதான்." சரின்னேன். நானும் ஒரு கண்டிஷன் போட்டேன், அவரு மூஞ்சிக்கு நேராவே: கம்பெனி பேர் இல்லாத எஸ்எம்பிஎஸ் என் டேபிள்ல ஏறாது.

எஸ்எம்பிஎஸ்னா கரண்ட்டை வாங்கி உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் பிரிச்சிக் குடுக்கிற டப்பா. அது மட்டமா இருந்தா தான் மட்டும் போவாது, கூட இருக்கிறதையும் கூட்டிக்கினு போவும். ஆனா நாயுடுபேட்டையில ஒரு கடையை மூடினப்போ, நம்ம அண்ணா அந்த மாதிரி டப்பாவையே மொத்தமா அள்ளிக்கினு வந்து குடோன் நெறைய அடுக்கிட்டாரு. எங்களுக்குள்ள நடக்கிற சண்டையெல்லாம் அதுக்குத்தான். எந்தக் கடையிலயாவது கஸ்டமருக்கும் முதலாளிக்கும் நடுவுல நின்னு சிரிச்சி வெச்சவங்க யாரா இருந்தாலும் நீங்க நம்ம ஆளுதான், மேல படிங்க.

டெக்னீஷியன் எங்கே?

ஸ்ரீசிட்டியில ஒரு கம்பெனியில வேலை பார்க்கிற ஒருத்தர், திருவள்ளூர் பக்கம் சொந்த ஊரு, ஒரு லிஸ்ட்டோட வந்தாரு. "டெக்னீஷியனைக் கூப்பிடுங்க மேடம்"னாரு. "நான்தான்"னேன். எனக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தாரு. பின்னாடி சுவருதான் இருந்துச்சி. உடனே போனைப் பார்த்துக்கினே பரீட்சை வெக்க ஆரம்பிச்சிட்டாரு. இந்த பிராசசருக்கு எந்த போர்டு, அந்த கார்டுக்கு எத்தினி வாட்ஸ். எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கோவம் வரலன்னு சொன்னா பொய்.

அப்புறம் நான் கேட்டேன்: "சார், நீங்க என்ன கேம் ஆடுவீங்க? மானிட்டர் இன்னா சைஸ்?" அதை அவரு யோசிக்கவே இல்ல. இது ரெண்டும் தெரியாம கிராபிக்ஸ் கார்டு வாங்குறது, கால் அளவு சொல்லாம செருப்பு கேக்குற மாதிரி. லிஸ்ட்டைத் திருப்பிப் போட்டு பின்பக்கம் புதுசா எழுதிக் குடுத்தேன். வெளிய போயி அரைமணி நேரம் வீடியோ பார்த்துட்டு வந்தாரு. "வீடியோல பேசுறவரும் இதையேதான் சொல்றாரு, நீங்க அவருகிட்டதான் கத்துக்கினீங்களா?"

உழவு

பாலசமுத்திரத்துலேர்ந்து ஒரு விவசாயி வந்தாரு, அம்பது வயசு இருக்கும். மச்சான் ஊட்டுல டிராக்டர் ஓட்டி உழுது அறுக்கிற கேம் ஒண்ணை ஆடிப் பார்த்திருக்காரு, அதுக்குத்தான் கம்ப்யூட்டராம். கவுண்டர்ல இருந்தவங்க அவருக்குக் கடையிலேயே பெரிய கார்டா பார்த்து எழுதி அனுப்பிட்டாங்க. நான் அதை அடிச்சிட்டு நடுத்தரமான கார்டு போட்டேன், ரேமை ஏத்தினேன், நல்ல எஸ்எம்பிஎஸ் வெச்சேன். கேபின்லேர்ந்து அண்ணா மொறைச்சாரு. நானும் மொறைச்சேன்.

பொட்டியைக் குடுக்கும்போது வாய் சும்மா இருக்காம கேட்டுட்டேன், நாள் பூரா நெலத்துல கெடக்குறீங்க, ஊட்டுக்கு வந்தும் உழவுதானான்னு. அவரு சிரிக்கல. "இதுல போர் போட்டா தண்ணி வருதும்மா."

மலை ஏறின பொட்டி

திருமலையில குடியிருக்கிறவரு ஒருத்தர் பெரிய கார்டு போட்ட சிஸ்டம் வாங்கினாரு. அந்த கார்டு நல்ல கனம். மலைப்பாதையில அத்தனை வளைவுல ஆடிக்கினே போனா ஸ்லாட்டை விட்டுக் கழண்டுக்கும். அதனால கார்டைத் தனியா கழட்டி மடியில வெச்சிக்குங்க, பொட்டியைப் படுக்க வெச்சி எடுத்துக்கினு போங்கன்னு தெலுங்குல ஒரு தடவை, தமிழ்ல ஒரு தடவை சொன்னேன். தல ஆட்டினாரு. நம்பிக்கை வரல, அதையே பில்லுல எழுதி கையெழுத்து வாங்கிக்கினேன்.

ரெண்டாம் நாள் பொட்டியோட வந்துட்டாரு, டிஸ்ப்ளே வரலன்னு. அண்ணா முகத்துல ஒரு சந்தோஷம் பார்க்கணுமே. தொறந்து பார்த்தா கார்டு ஒரு பக்கம் கழண்டு வயர்ல தொங்கிக்கினு இருக்குது. மொத்த சிஸ்டத்தையும் ஜீப்ல நிக்க வெச்சே ஏத்திக்கினு போயிருக்காரு. நல்லவேளை எதுவும் ஒடையல. நான் பில்லை எடுத்து மொதல்ல அண்ணாகிட்ட காட்டினேன், அப்புறம் அவருகிட்ட. "சாமி மேலதானே இருக்காரு, அவரு பார்த்துக்குவாருன்னு நெனச்சேன்மா."

தறியும் கேமும்

நான் உண்மையிலேயே பயந்தது ஒரே ஒரு பொட்டிக்குத்தான். நகரியில எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி தறி ஓட்டுறவரு, பேரு குமாரு. அவருக்கு நான் சேர்த்த சிஸ்டம் ஆடிக்கினு இருக்கும்போதே டப்புன்னு ரீஸ்டார்ட் ஆவுது. கடைக்குத் தூக்கிக்கினு வந்தா நாள் முழுக்க ஓடுது. ஊட்டுக்குப் போனா மறுபடியும் அதே கதை. "உன் வேலைதான் சரியில்ல"ன்னாரு அண்ணா. எனக்குச் சோறு எறங்கல. என் கையி தப்பு பண்ணியிருக்குமோன்னு ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மனசுக்குள்ள திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ஞாயித்துக்கெழமை அவரு ஊட்டுக்கே போயி கம்ப்யூட்டர் பக்கத்துல உக்காந்துட்டேன். காப்பி பாதி கூட குடிச்சி முடிக்கல, பக்கத்து ரூம்ல தறி மோட்டாரைப் போட்டாங்க. மேல பல்பு மங்கிச்சி, கம்ப்யூட்டர் அணைஞ்சி எழுந்துச்சி. தறி லைன்லேயே கம்ப்யூட்டரையும் சொருகி வெச்சிருக்காரு மனுஷன். தறி சத்தத்துல பொறந்து வளர்ந்த எனக்கு இது மொத நாளே தோணியிருக்கணும். தனி லைன் இழுங்க, ஒரு யூபிஎஸ் வையுங்க, இல்லன்னா தறி மோட்டாரைப் போடும்போது ஆடாதீங்கன்னு சொன்னேன். குமாரு பதில் சொல்றதுக்குள்ள அவரு சம்சாரம் முந்திக்கினாங்க: "தறி எப்பவும்தான் ஓடும், அப்போ இவரு எப்பவும் ஆட வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போம்மா."

கவுண்டர்

சித்தூர்ல கேமிங் சென்டர் தொறக்கப் போறவரு ஒருத்தர் பத்து சிஸ்டம் ஆர்டர் குடுத்தாரு. மறுநாள் நான் வர்றதுக்குள்ள குடோன் டப்பா பத்து என் டேபிள் மேல இருந்துச்சி. ஒவ்வொண்ணா எடுத்து கீழ வெச்சேன். "கடை யாருது?"ன்னு கேட்டாரு அண்ணா. "கடை உங்களுது. பத்திக்கினா ஊரான் ஊட்டுப் புள்ளைங்கதானே அண்ணா அதுமுன்னாடி உக்காந்திருக்கும்?"னேன். சாயந்தரம் அந்த சித்தூர்க்காரரு வந்தாரு. ஒரு கையில நல்ல எஸ்எம்பிஎஸ், இன்னொரு கையில பேர் இல்லாதது, ரெண்டையும் தூக்கிப் பார்க்கக் குடுத்தேன். ஒண்ணு செங்கல்லு கனம், இன்னொண்ணு காலி டிபன் பாக்ஸ். அவரு செங்கல்லைப் புடிச்சிக்கினாரு.

பத்தையும் சேர்த்து அனுப்பின அன்னிக்கு அண்ணா சொன்னாரு: "நாளையிலேர்ந்து கவுண்டர்." என் தப்பால திரும்பி வந்த பொட்டி ஒண்ணு கூட இல்ல. பஸ்ல நகரி வர்ற வரைக்கும் அழுதேன். தப்பு பண்ணி எறக்கியிருந்தா தாங்கியிருப்பேன், சரியா செஞ்சதுக்கு எறக்கினதுதான் தாங்கல.

மறுநாள் தலை சீவி பூ வெச்சிக்கினு கவுண்டர்ல போயி நின்னேன். மவுஸ் கேட்டு வந்தவரைக் கேட்டேன்: "ஊட்டுல இருக்கிற சிஸ்டத்துல எந்த எஸ்எம்பிஎஸ்?" தெரியாதுன்னாரு. ரெண்டையும் எடுத்து கையில குடுத்தேன். கீபோர்டு வாங்க வந்தவங்களுக்கும் குடுத்தேன், பென் டிரைவுக்கு வந்த காலேஜ் லெக்சரருக்கும் குடுத்தேன், பிரிண்டர் இங்க்குக்கு வந்த பாட்டு டீச்சரம்மாவும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தாங்க. மொத வாரம் குடோன்லேர்ந்து ஒரு டப்பா வெளிய போவல. ரெண்டாவது வாரம், முன்ன கவுண்டர்ல அந்த டப்பாவை வாங்கினவங்களே கொண்டு வந்து மாத்திக் குடுக்கச் சொல்லி நின்னாங்க. அண்ணா வெளிய வந்து எம்பக்கத்துல நின்னு மூணு கஸ்டமரைப் பார்த்தாரு. நாலாவது ஆளு உள்ள வரும்போது என் கையிலேர்ந்து ரெண்டு டப்பாவையும் வாங்கிக் கீழ வெச்சிட்டாரு. "ரேவதி, நீ போயி டேபிள்லயே உக்காரும்மா, அங்க இருந்தா பத்து பேரைத்தான் கெடுப்ப, இங்க இருந்தா ஊரையே கெடுக்கிற."

இந்தத் தொழில்ல நான் ஜெயிச்சிட்டேன்னு சொல்லிக்க மாட்டேன், என்னை எங்க உக்கார வெச்சா வாயை மூடுவேன்னு அண்ணாவுக்கு இன்னும் இடம் கெடைக்கல, அவ்ளோதான்.